நாலுமடிக்குக் கிடைத்த சான்றிதழ்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்தப் படுக்கை விரிப்பைக் கொடுத்தாலும் நான்கே மடிப்பில், ஓரத்தோடு ஓரம் பிசகாமல் அடுக்கிவிடுவான். அதனால் நாலுமடி. சும்மா சொல்லக்கூடாது, அவன் அடுக்கிய அலமாரியிலிருந்து நர்சுகள் கண்ணை மூடிக்கொண்டு உருவலாம்.

பதினொரு வருடமாகப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு ஜன்னல், அவன். நிம்மதியான பிழைப்பு. யார் கண் பட்டதோ, புதிதாக ஒரு மேற்பார்வையாளன் வந்து சேர்ந்தான். இவனைவிடப் பத்து வயது இளையவன். "அண்ணே, நீங்க" என்றுதான் பேசுவான், மரியாதையில் குறை வைக்கவில்லை. ஆனால் வந்த கையோடு எல்லோருக்கும் முறை போட்டுவிட்டான். ஒரு வாரம் மடிப்பு, மறுவாரம் மெஷின் கூடம். பன்னிரண்டு மெஷின்கள் ஒன்றாக ஓடும் இடம் அது. மற்றவர்களுக்கு அது சத்தம், நாலுமடிக்கு வலி. மூன்றாம் நாள் காதைப் பொத்திக்கொண்டு துணிமேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டான்.

மறுநாள் அவனே மேற்பார்வையாளனிடம் போனான். "எனக்கு ஆட்டிசம். பின்னறைன்னா நாள் முழுக்க வேலை செய்வேன். மெஷின் கூடத்துல என்னால முடியாது."

"சர்டிஃபிகேட் கொண்டாங்கண்ணே, ஒரே நிமிஷத்துல மாத்திடுறேன். இல்லாட்டி உங்க இடத்துக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லிடுவாங்க."

ஒரே நிமிடமாம்! சான்றிதழ் என்ன, கடையில் தொங்குகிறதா?

அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். தம்பியை நாலு பேர் கேலி செய்துவிடக் கூடாதே என்று கண்ணாடி முன் உட்காரவைத்துப் பழக்கினாள். கண்ணைப் பார்க்க முடியவில்லையா, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார். கை ஆடுகிறதா, கால்சட்டைப் பைக்குள் விடு. எப்படி இருக்கீங்க என்று கேட்டால், நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க. இருபது வருடம் இதே பாடம். பாவம், அவளும் வேறென்ன செய்வாள்?

சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவுக்குப் போகும் பஸ்ஸில் அவன் சொன்னான்: "நீ வெளியவே இரு அக்கா. என்னப் பத்தி நானே சொல்றேன்." சட்டைப் பையில் நான்கு வரி எழுதிய அட்டை இருந்தது. அதைத் தயார் செய்ய அவனுக்கு ஒரு வாரம் ஆனது. அக்கா மென்று விழுங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தாள்.

உள்ளே மூன்று டாக்டர்கள். பெரியவர் கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க எப்படி இருக்கீங்க?"

பிறகு நான்கு வரியையும் திக்காமல் சொன்னான், பெரியவரின் புருவ நடுவைப் பார்த்தபடியே. கால்சட்டைப் பைக்குள் இரண்டு கைகளும் ஆடியதை யார் பார்த்தார்கள்?

"என்னைவிட நல்லாப் பேசுறீங்களே! உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?" பெரியவர் சிரித்துக் கைகொடுத்து அனுப்பினார். தாளில் குறைபாடு ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரா? நீ என்னடா சொன்ன?" வராந்தாவில் தாளைப் படித்த அக்கா கேட்டாள்.

"நீ சொல்லிக்குடுத்ததைத்தான்."

அக்கா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபரிசீலனைக்கு எழுதிப்போட்டு ஏழு வாரம் காத்திருந்தார்கள். மெஷின் கூடத்து முறை வந்த வாரங்களில் அவன் மணிக்கட்டைக் கடித்துக் கடித்துத் தோல் கன்றிப்போயிற்று. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தத் தடவை நான்தான் பேசுவேன். நீ வாயத் திறக்காத. தரையப் பாரு. கை ஆடுச்சுன்னா ஆடட்டும்."

"அது பொய்யில்லையா?"

"என்ன பொய்? வீட்ல நீ அப்படித்தானே இருக்க?"

"வீட்ல நான் பேசுறேனே."



குழுவின் முன்னால் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். சின்ன வயதில் சுவரில் தலையை மோதியது, அவள்தான் இன்னமும் நகம் வெட்டிவிடுவது, தனியாக எங்கும் போகத் தெரியாதது. சில உண்மை. சில அவன் கேள்விப்படாதவை. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவன் அவன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தரையின் ஓடுகளை எண்ணினான். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. சான்றிதழ் அன்றே கிடைத்தது. கடுமையான குறைபாடு. சுயமாக முடிவெடுக்க இயலாதவர். காப்பாளர் தேவை.

மேற்பார்வையாளன் அதை இரண்டு தரம் படித்தான். சொன்ன சொல் தவறாமல் ஒரே நிமிடத்தில் பின்னறையைத் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் கூட வந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"முடிவெடுக்க முடியாதுன்னு போட்டிருக்குங்களே. இனிமே லீவு லெட்டரு, வேலைக் கையெழுத்து எல்லாம் நீங்கதான் போடணும். மத்தியானம் இவரு தானா சாப்பிட்டுக்குவாரா?"

"நான் கேன்டீன்ல..." என்று நாலுமடி ஆரம்பித்தான்.

"கண்ணா, நீ சமத்தா இரு. அக்காகிட்டதானே பேசிட்டிருக்கேன்."

நேற்றுவரை அண்ணே என்றவன்! கோபத்தில் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். அவன் அன்பாகச் சொன்னான். வயிறு எரிவதே அதனால்தான். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அவன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பதினொரு வருடமாக நாலுமடி கையெழுத்துப் போட்ட பதிவேட்டில், அவன் பேனா எடுத்த பக்கம் அதற்குப் பிறகு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டைப் பையிலிருந்த அந்த நான்கு வரி அட்டையை எடுத்து மேசைமேல் அக்காவின் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"இனிமே அந்தச் சத்தம் இல்லடா. நிம்மதியா இருக்கா?"

அவன் அவளுடைய புருவ நடுவைப் பார்க்கவில்லை. அவனுக்கு இனி அது தேவையில்லை.

"நீயே சொல்லுக்கா" என்றான்.