சந்திரனில் ஒரு டிரம்

சந்திரனில் வீடு கட்டி முடிக்க எங்கள் அம்மாவுக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

சுனாமி வந்துபோய் நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தமானின் லாங் ஐலண்டில் நான் ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதை வீட்டில் யாரையும் மறக்க விடமாட்டேன். அறிவியல் கண்காட்சிக்கு ‘விண்வெளியில் மனிதர்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். ஜெயித்தால் துணைக்கு ஓர் ஆளோடு போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகலாம். நான் அதுவரை போர்ட் பிளேரைப் பார்த்ததில்லை.

மற்றவர்கள் எல்லாரும் ராக்கெட் செய்தார்கள். நான் சந்திரனில் வீடு செய்யப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். மீன் செதிலை உரசிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

“அங்க கப்பல் எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?”

“கப்பலே வராதும்மா.”

“அப்ப வெங்காயம்?”

பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. அம்மாவே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கோழிக்கூண்டு வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வந்தது. அங்கே காற்றே கிடையாது என்று நான் அதட்டியதும், கடையில் கெஞ்சிப் பெரிய மிட்டாய் ஜாடியொன்றைக் கொண்டுவந்து எல்லாவற்றின் மேலும் கவிழ்த்துவிட்டாள். உள்ளே ஈரமண்ணில் நிஜ வெந்தயம் முளைத்தது. அப்பா ஒரு ரப்பர் பந்துக்கு நீலம் பூசிப் பூமியாகத் தொங்கவிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இந்தியாவை நாங்கள் சொல்கிற மாதிரியே அதில் நான் ‘மெயின்லேண்ட்’ என்று எழுதினேன். எங்கள் தீவில் ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை.

கடைசியாக அம்மா, மருந்து பாட்டில் மூடிக்கு நீலம் அடித்து உள்ளே வைத்தாள். எங்கள் கிணறு சுனாமியில் உப்புக் கரித்துப்போனதிலிருந்து கூரைத் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்தான் எங்களுக்கு எல்லாம்.

“சந்திரன்ல மழையே பெய்யாதும்மா!”

“பெய்யாட்டி போகுது. டிரம் இல்லாத வீட்ல எவ குடியிருப்பா?”

கண்காட்சியன்று காலையில் யாருக்கும் தெரியாமல் டிரம்மை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்தேன். மானம் முக்கியமல்லவா?

நடுவராக வந்த மேடம் என் வீட்டின் முன் குனிந்தார். வெயிலில் ஜாடியின் உட்புறம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது.

“யே பானி கஹா ஜாயேகா?” இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்.

நான் ஜாமெட்ரி பாக்ஸை இறுகப் பிடித்துக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அடியே, டிரம் எங்கடி?”

எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஜாடியைச் சற்றுச் சாய்த்து, நீர் வழிகிற இடத்தில் டிரம்மை வைத்தாள். பிறகு தன் தீவு இந்தியில் விளக்கினாள்.

“மேடம், சாவல் கா டக்கன் மே பானி கிர்த்தா நா? வஹி இதர் பாரிஷ்.”

சோற்றுப்பானை மூடியில் சொட்டுகிறதே, அதுதான் இங்கே மழையாம். மேடம் சிரித்தபடியே கைதட்டினார்.

முதல் பரிசு எனக்கு. துணைக்கு அம்மா. போர்ட் பிளேர் போய்ச் சேரும்வரை, ஆவி எப்படிக் குளிர்ந்து நீராகிறது என்று கப்பலில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். அதற்குக் கண்டென்சேஷன் என்று பெயர் என்றேன். மூன்று முறை சொல்லவும் வைத்தேன்.

“கண்டசேசனா? அப்பிடியா புள்ள!” என்று கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

பாவம், நான் மட்டும் படிக்காமல் போயிருந்தால் இதையெல்லாம் யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.