மூன்றாவது மூலை

சவுதியில், யான்பு ரிஃபைனரி கேம்பின் பிளாக் ஏழு அணி பதினோரு வருடம் பேஸ்பால் ஆடியது. ஒரே ஓர் ஆட்டத்தில் ஜெயித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி மெஸ்ஸில் யாராவது பேச்செடுத்தால் சோலையப்பன் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விடுவார்.

சாரம் கட்டுகிறவர் அவர். கல்லல் பக்கம் ஊர். இளவட்டமாக வந்து குழாய் சுமந்தார், பிறகு கட்டினார். இப்போது மற்றவர்கள் கட்டிய சாரத்தைத் தட்டிப் பார்த்து அட்டை மாட்டுகிற வேலை. பச்சை அட்டை மாட்டினால் ஏறலாம். சிவப்பு என்றால் காலை வைக்கக் கூடாது. ரிஃபைனரி முழுக்க வெல்டர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் எல்லாரும் அந்த அட்டையை நம்பித்தான் மேலே போனார்கள். சிலர் அட்டையைக்கூடப் பார்ப்பதில்லை. "சோலை பாத்துட்டாரா?" என்று மட்டும் கேட்பார்கள்.

அவருடைய வலது கைக்கும் ஒரு பேர் இருந்தது. ஒருமுறை பீகார் வெல்டர் ஒருவன் முகமூடியைக் கழற்றாமலே பின்னால் காலெடுத்து வைத்தான். பலகை முடிந்துபோயிருந்தது. பக்கத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த சோலையப்பன் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி அவன் பெல்ட்டைப் பிடித்துவிட்டார். பேச்சைக்கூட நிறுத்தவில்லை என்பார்கள். சேஃப்டி ஆபீசர் எர்னஸ்டோ, பிலிப்பினோக்காரர், காலைக் கூட்டங்களில் ஒரு மாதம் அந்தக் கதையையே சொன்னார்.

பேஸ்பாலுக்குள் அவரை இழுத்ததும் எர்னஸ்டோதான். ரிஃபைனரி கட்ட வந்த அமெரிக்க எஞ்சினியர்கள் கேம்புக்குப் பின்னால் ஒரு மைதானத்தையும் உயரமான கம்பி வலையையும் விட்டுப் போயிருந்தார்கள். பிலிப்பினோக்கள் அதில் நான்கு அணி வைத்து வெள்ளிக்கிழமைதோறும் ஆடினார்கள். ஒரு புராஜெக்ட் முடிந்து ஓர் அணி மொத்தமாக ஊருக்குப் போய்விட, எர்னஸ்டோ பிளாக் ஏழு மெஸ்ஸுக்கு வந்து நின்றார்.

"நீங்க கிரிக்கெட் ஆளுங்கதானே. சேம் சேம்."

சேம் சேம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்தது. நான்கு மூலை. ஒவ்வொரு மூலையிலும் ஒரு துணித் திண்டு. பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். திண்டை விட்டு விலகி நிற்கும்போது பந்தோடு ஒருவன் தொட்டுவிட்டால் அவுட். இவ்வளவுதான். ஆனால் இவர்கள் அடித்துவிட்டு, ஓடலாமா வேண்டாமா என்று எதிரில் ஆள் தேடினார்கள். பாகிஸ்தான் டிரைவர் அஹ்சன் மட்டையோடு ஓடிப்போய் முதல் மூலையில் அதைத் தரையில் தேய்த்து நின்றான். பிலிப்பினோக்கள் மண்ணில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகும் தோற்றார்கள். சேஃப்டி தினத்தில் கொடுத்த ஆரஞ்சு பனியனைப் போட்டுக்கொண்டு தோற்றார்கள். தோற்காத ஆட்டங்களும் உண்டு. மணல் காற்று வந்து பாதியில் நின்றுபோனவை. ஆட்டம் கொஞ்சம் பிடிபடும் நேரத்தில் யாராவது லீவில் போவான், யாருக்காவது சைட் மாறும், யாருக்காவது எக்ஸிட் அடித்து ஒரேயடியாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நன்றாகப் பந்து எறிந்த முத்துராமன் கொரோனா சமயத்தில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. புதிதாக வருகிறவனுக்கு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடு என்பதிலிருந்து தொடங்கவேண்டும். சோலையப்பன் தொடங்குவார்.

"பதினோரு வருசமா தோக்குறதுக்கா இந்த வெயில்ல நிக்கிறீக?" என்பாள் சீதாலட்சுமி போனில். "கிட்டிப்புள்ளு வெளையாடுற வயசா இது?"

"ஒரு தடவை செயிச்சுட்டு விட்டுர்றேன்."

"அப்பொ உசுரு உள்ள வரைக்கும் வெளையாடுவீக."

முழங்கால் ஒத்துழைக்காமல் போனபின் அவர் ஆடுவதை விட்டுவிட்டு மூன்றாவது மூலையில் நின்றார். ஓடிவருகிறவனுக்கு ஓடு, நில் என்று கையைக் காட்டுகிற வேலை; கோச் என்பார்கள். கத்தலாம். குதிக்கலாம். தொட மட்டும் கூடாது. மூலையில் நிற்கிறவர் ஓடுகிறவனைப் பிடித்து உதவினால் அவன் அவுட். எர்னஸ்டோ அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி அது.

இந்த வருடம் மைதானத்தை லாரி நிறுத்த எடுத்துக்கொள்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. கடைசி வெள்ளிக்கிழமை, மெக்கானிக்கல் பிளாக்கோடு ஆட்டம். எர்னஸ்டோ நடுவர்.

"சோலை பாய், ஆஜ் பீ ஹாரேங்கே?" என்றான் அஹ்சன், ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே. இன்றைக்கும் தோற்போமா என்று.

"தோத்தா இங்கயே லாரி ஓட்டு. உனக்குப் பழகுன இடம்."

ஆனால் அன்று தோற்கிற மாதிரி ஆடவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. பிளாக் ஏழுக்கு ஓர் அவுட்தான் பாக்கி. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது; மக்ரிப் பாங்குக்கு முன் மைதானத்தை விடவேண்டும். அந்த அவுட் விழுந்தால் சமநிலையோடு சரி. ஓர் ஓட்டம் வந்துவிட்டால் வெற்றி.

மட்டையோடு ஜெயசீலன் நின்றான். ஓரியூர்ப் பையன், கிரேனில் பாரம் கட்டுகிற ரிக்கர் வேலை, வந்து இரண்டு வருடம். வேகமாக ஓடுவான், நிற்கத்தான் தெரியாது. அடித்தான். பந்து வலப்பக்கம் கடைசி ஆளையும் தாண்டிப் போய் வேலியில் உருண்டது. மட்டையைக் கீழே போட்டான். முதல் மூலை, இரண்டாவது மூலை. சோலையப்பன் இரண்டு கையையும் தரையை நோக்கி அமுக்கிக் கத்தினார்.

"நில்லுடா. இங்கெயே நில்லு. தாண்டாதே."

ஜெயசீலன் திண்டை மிதித்தான். மிதித்த வேகத்தில் சரளை வழுக்கி, தாண்டிப் போனான். ஒரு கால் அந்தரத்தில், உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருந்தது. எதிரணியின் மூலைக் காவல்காரன் கையுறைக்குள் பந்து வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவன் தொடத் திரும்பினான்.

சோலையப்பனின் கை போனது. அவர் அனுப்பவில்லை. விரல்கள் பையனின் பெல்ட்டுக்குள் நுழைந்து பின்னால் இழுத்தன. ஜெயசீலனின் குதிகால் திண்டில் பட்ட பிறகுதான் பந்து அவன் தோளில் பட்டது.

நடுவிலிருந்து ஓடிவந்த எர்னஸ்டோவுக்கும் சோலையப்பனின் கைக்கும் குறுக்கே ஜெயசீலனின் உடம்பு இருந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்தார். சேஃப்.

"கோச் டச், சார். கோச் டச்," என்றான் காவல்காரன்.

எர்னஸ்டோ நெற்றி வேர்வையைத் துடைத்தபடி சோலையப்பனிடம் வந்தார். சந்தேகத்தோடு வரவில்லை. சைட்டில் ஒரு சாரத்தின் அடியில் நின்று கேட்பதுபோலவே கேட்டார்.

"சோலை, டச் கியா?"

மைதானத்தின் அந்தக் கோடியில் பிளாக் ஏழு மொத்தமும் எழுந்து நின்றிருந்தது. அஹ்சன் மட்டையைத் தோளில் போட்டுக் காத்திருந்தான். ஜெயசீலன் திண்டின் மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவரையே பார்த்தான்.

"மாஃபி டச்," என்றார் சோலையப்பன். தொடவே இல்லை.

எர்னஸ்டோ தலையசைத்தார். காவல்காரனிடம் திரும்பி, "சோலை இல்லைன்னா இல்லை," என்றார். அவனும் பந்தைத் திருப்பி எறிந்தான். அவனும் பகலெல்லாம் அவர் அட்டை மாட்டிய சாரத்தில் ஏறுகிறவன்தான்.

அடுத்த பந்தை அஹ்சன் தட்டிவிட்டு ஓடினான். ஜெயசீலன் புறப்பட்ட மூலைக்கே வந்து சேர்ந்தான்.

யாரோ சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். யாரோ சோலையப்பனைத் தூக்க முயன்று கீழே விழுந்தார்கள். மெக்கானிக்கல் பிளாக்காரர்கள் வரிசையில் வந்து கை கொடுத்தார்கள். அந்தக் காவல்காரனும் கொடுத்தான், வலது கையைத்தான் பிடித்துக் குலுக்கினான். அப்போது சொல்லியிருக்கலாம். எர்னஸ்டோ மூன்றாவது மூலைத் திண்டைப் பிடுங்கி மண் தட்டிக்கொண்டு வந்தார். லாரிக்கு அடியில் கிடக்கப்போகிறது, இத்தனை நாள் இதன் பக்கத்தில் நின்றவர் நீங்கள், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ரூமுக்கு வந்து போன் செய்தார்.

"செயிச்சாச்சு."

"நெசமாவா?" சீதாலட்சுமி சிரித்தாள். பிறகு, "என்ன, தோத்த மாதிரி சொல்றீக?"

"தொண்டை கட்டிருச்சு. கத்துனதுல."

திண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஜெயசீலன் அதை வெளியே எடுத்து ஈரத்துணியால் துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். வருகிறவர்கள் எல்லாம் அதோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை ஷிப்டு. டேங்க் ஒன்றைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் அடியில் சோலையப்பன் கிளாம்புகளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் பெல்ட் மாட்ட வந்தவன் தயங்கி நின்றான்.

"அண்ணே."

"ம்."

"நேத்து... நீங்க புடிக்கலைன்னாலும் நான் திரும்பியிருப்பேன்ல?"

சோலையப்பன் நிமிர்ந்து பார்த்தார். விழுகிற உடம்பு எந்த இடம் வரைக்கும் தானாகத் திரும்பும், எந்த இடத்துக்குமேல் திரும்பாது என்பது அவருக்குத் தெரிந்த ஒரே படிப்பு. பையன் அந்த இடத்தை ஒரு சாண் தாண்டியிருந்தான். ஊர்க்காரர்களுக்கு வீடியோ கால் போட்டு இரவு முழுக்க, தான் பந்தை அடித்த அடியைப் பற்றிப் பேசியிருந்தான். அது நல்ல அடி. அது மட்டும் பொய்யில்லை.

"திரும்பியிருப்பெ," என்றார்.

"அதான் நானும் நெனைச்சேன். ஒரு செகண்ட்ல திரும்பியிருப்பேன்."

"போ, அந்தப் பக்கம் கயித்தைப் பாரு."

அவன் விசிலடித்துக்கொண்டு போனான்.

தட்டிப் பார்த்த கிளாம்புகளையே இன்னொரு முறை தட்டிப் பார்த்தார். பலகைகளை மிதித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பச்சை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எர்னஸ்டோ வந்தார். தொப்பிக்குக் கீழே இன்னும் நேற்றைய சிரிப்பு.

"சாம்பியன். ஓகே?"

"ஓகே."

அட்டையை மாட்டுவதற்குள் எர்னஸ்டோ ஏணியில் கால் வைத்துவிட்டார். கீழே பார்க்கவில்லை. அட்டையைப் பார்க்கவில்லை. விறுவிறுவென்று ஏறினார்.

சோலையப்பனுக்கு அடுத்த டேங்கில் வேலை இருந்தது. போகவில்லை. எர்னஸ்டோ இறங்கி வரும்வரை ஏணியடியில் மேலே பார்த்தபடி நின்றார்.