இருபது நிமிடம் முன்னே

அந்தக் கடிகாரத்தின் பெண்டுலக் கதவில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி உண்டு. ராசா என்ற ஊரில் கிராணி ஐயா வீட்டு முன்னறையில் நாற்காலி மேல் ஏறி நின்று நான் அதை நெம்பியது இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. மலாக்காவிலிருந்து வந்திருந்த பழம்பொருள் கடை பாய் கீழே நின்று டார்ச் பிடித்தார். கிராணி ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திறக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டார், மகள்தான் கேட்கவில்லை.

லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். விடியுமுன் ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டவர். தோட்டம் கைமாறியபோது துரை ஆபீஸ் கடிகாரத்தை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். நேரம் தவறாதவருக்கு ஏற்ற பரிசு என்று பேசிக்கொண்டார்கள். இப்போது அதை வாங்க வந்த பாய்க்கு அதன் வரலாறு எழுத்தில் வேண்டும். கோயில் திருவிழா, தொழிலாளர் குடியிருந்த லயம் இடித்த நாள், யார் எப்போது எங்கே குடிபோனார்கள் என்று தேதிவாரியாக எழுதி வைக்கும் அதே தோட்டத்துப் பிள்ளை என்பதால் மகள் என்னை அழைத்தார்.

கடிகாரம் இருபது நிமிடம் முன்னே ஓடியது. நான் கைப்பேசியைப் பார்த்ததும் மகள் சிரித்தார். "அது அப்பா மணி லா. நாங்க பொறந்ததுல இருந்து கழிச்சுத்தான் படிப்போம்."

கதவின் உட்புறத்தில் பென்சிலால் வரிசையாகத் தேதிகள். பழுது பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுப் போவது. அவற்றுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. கிராணி ஐயாவின் சாய்ந்த கையெழுத்தில், கடிகாரக்காரருக்கு ஒரு குறிப்பு: சரி செய்தபின் இருபது நிமிடம் முன்னே வைக்கவும், துரை உத்தரவு.

கீழே இருந்த தேதிகளில் என் அம்மா கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த ஆண்டும் இருந்தது.

அம்மா புக்கிட் பெலண்டோக் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டிய கடைசி லயம். மற்றவர்களுக்கு ஆபீஸ் மணிதான் நேரம்; எங்கள் லயத்துக்கு அது கேட்காது. அதனால் புதுப்பெண் அதிகாலை ரயிலைக் கேட்டுக் கிளம்பியிருக்கிறார். ஒரே மாதத்தில் மூன்று நாள் பெரட்டுக்குத் தாமதம். ரயில் போனதும் புறப்பட்டேன் என்று சொன்னவரிடம் கிராணி கடிகாரத்தைக் காட்டினார். ரயிலே இவளுக்காக லேட்டாக வருகிறது போல என்று வேலை வாங்கும் மண்டோர் சொல்ல, நின்ற கூட்டமெல்லாம் சிரித்தது. பால் வெட்ட அவருக்குக் கொடுத்திருந்த மரங்களை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, கூலி குறைந்த புல்வெட்டுக்கு அவரை அனுப்பினார்கள். லேட்டுக்காரி என்ற பேர் அங்கே ஒட்டியது. எனக்கு நினைவு தெரிந்த அம்மா எதற்கும் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புகிறவர். பள்ளிக்கூடம் திறக்குமுன் என்னைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவார். இன்றும் கிளினிக்கில் காவலாளி வருமுன் படியில் உட்கார்ந்திருப்பார்.

பாய் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கடியாரம் எங்கேயும் கெடைக்கும், தம்பி. இந்தச் சீட்டுக்குத்தான் வெல."

கிராணி ஐயா எழுந்து நின்றார். "அதக் கிழிச்சுரு." பேர் கூப்பிட்ட காலத்துக் குரல் அது. என் கை தானாகக் காகிதத்தின் ஓரத்துக்குப் போனதை மறைக்க விரும்பவில்லை. நகத்தால் நிமிண்டியிருந்தால் வந்திருக்கும்.

"எங்கம்மா ரயில்னு சொன்னாங்களே, ஐயா" என்றேன்.

மகளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தம்மா சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர். "வாயத் தொறந்திருந்தா நானும் புல்லுதான் வெட்டியிருக்கணும்." பிறகு உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் விற்பனைக்கு இல்லை என்று மகளே பாயிடம் சொன்னார். நான் கிளம்பும்போது கிராணி ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அம்மாவை அழைத்துவர முடியுமா என்று கேட்டார்.

தவறான தேதி எதுவானாலும் அன்றே திருத்தி எழுதுகிறவன் நான். இதை அம்மாவிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"அப்ப நான் லேட்டு இல்லையா?"

மறுபடி கீரையை ஆயத் தொடங்கினார்.

ஞாயிறு காலை நான் காரை முடுக்கிவிட்டுக் காத்திருந்தேன். அம்மா தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார். புடவையை மாற்றினார், பிடிக்காமல் மறுபடி மாற்றினார். நான் இரண்டு முறை ஹாரன் அடித்தும் அவசரப்படவில்லை. அவருக்காக நான் காத்திருந்தது என் வாழ்வில் அதுதான் முதல் தடவை.

ராசாவில் கிராணி ஐயா கேட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒன்பதரையிலிருந்து நிற்கிறார் என்று மகள் சொன்னார். அம்மா முன்னறைக்குள் போய், நேராக அந்தக் கடிகாரத்தின் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். அது பதினொன்று பத்து காட்டியது.

"லேட்டாயிருச்சுங்களா, கிராணியாரே?"

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இல்லம்மா" என்றார்.