அயோட்டேயா சதுக்கத்தில் தலையாட்டியது

தொண்ணூறுகளின் நடுவில் சனி, ஞாயிறு என்றால் நான் கேமராவோடு நகரின் பெரிய கடைவீதியான குயீன் ஸ்ட்ரீட்டில்தான் இருப்பேன். மற்ற நாட்களில் பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். ஊர்வலம், ஆர்ப்பாட்டம், கிறிஸ்துமஸ் அணிவகுப்பு, மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எல்லாவற்றையும் எடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, எடுத்தேன்.

வெள்ளைக்காரன் கேமராவோடு நின்றால் அவனைக் கலைஞன் என்பார்கள். என் நிறத்தில் ஒருத்தன் நின்றால் எதற்கு எடுக்கிறாய் என்பார்கள். ஒரு டெய்ரிக்காரர், அதாவது தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர், ஃபிஜியிலிருந்து வந்தவர், தன் கடை வாசலை எடுத்ததற்கு நான் கவுன்சில் ஆளா, இமிகிரேஷன் ஆளா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அப்படியானால் வரி ஆபீஸா என்றார். அவருக்கு அப்படி என்ன பயமோ, எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் எதிரில் இருப்பவரைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டுவேன். எடுத்துவிட்டேன், நன்றி என்று அர்த்தம். இந்த ஊரில் அது நன்றாகச் செல்லுபடியானது. அவர்களும் பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு ஞாயிறு அயோட்டேயா சதுக்கத்தில் இலங்கைத் தமிழர்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்கள் ஊரில் நடக்கும் போரை நிறுத்தச் சொல்லி நின்றார்கள். நான் மலேசியாக்காரன். ஆனாலும் தமிழர்கள்தானே என்று உரிமையோடு போனேன். வரிசையின் ஒரு முனையில் தொடங்கி ஒவ்வொரு முகமாக எடுத்தேன். எடுப்பேன், தலையாட்டுவேன், அடுத்த ஆளிடம் நகர்வேன்.

பாதி வரிசை தாண்டுவதற்குள் பேச்சு நின்றுவிட்டது. அட்டைகள் மார்பிலிருந்து முகத்துக்கு ஏறின. ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு எரிச்சல் வந்தது. உலகம் பார்க்கட்டும் என்று நடுத்தெருவில் வந்து நிற்கிறீர்கள், படம் எடுத்தால் முகத்தை மூடுகிறீர்கள், இது என்ன கூத்து என்று நினைத்தேன்.

நீல ஜாக்கெட் போட்ட ஒருவர் பின்னாலிருந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"நீர் ஆருக்குத் தலையாட்டுறீர்?"

"யாருக்கும் இல்லண்ணே. படம் எடுத்தேன், அவ்வளவுதான்."

"பிலிமைத் தாரும்."

"ஏன் தரணும்?"

"இந்த முகங்கள் தூதரகத்துக்குப் போனா, கொழும்பில இருக்கிற சொந்தக்காரரைப் பிடிப்பாங்கள். விளங்குதோ?"

விளங்கியது. கோபமும் வந்தது. என்னைப் பார்த்தால் தூதரகத்து ஆள் மாதிரியா இருக்கிறது? இருந்தாலும் யாரோ பெற்ற பிள்ளை அடிபட வேண்டாம் என்று ஃபிலிமை உருளைக்குள் சுற்றி, பின்மூடியைத் திறந்து வெளியே எடுத்தேன். "இங்கேயே வெயில்ல இழுத்துடுறேன். வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும். நீங்களே பார்த்துக்குங்க," என்றேன்.

அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். "இழுக்காதையும். அப்பிடியே தாரும். நான் பாத்துக்கொள்ளுறன்."

ஃபிலிமைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தேன். கொடுத்தேன். ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்பக்கம் போனார்.

நான் கேமராவை மூடிக்கொண்டிருந்தபோது, வாயை மூடிக்கொண்ட அந்தப் பெண் கிட்டே வந்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. எங்கட ஊரில ஆமிக்காரன் ஆக்களை இப்பிடித்தான் வரிசையில நிப்பாட்டுவான். முகத்தைச் சாக்கால மூடி ஒருத்தனை எதிரில இருத்துவாங்கள். அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டுறானோ, அந்த ஆளைக் கொண்டு போவாங்கள். தலையாட்டி எண்டு சொல்லுறது. உங்கட முகமும் பாதி கமராவால மூடியிருந்தது."

யார் சொல்லியும் நான் இதைக் கேட்டதில்லை.

"என்ர மனுசன் இன்னும் கொழும்பிலதான். விசாவுக்கு நிக்கிறார். எனக்கு அந்தப் படத்தை அழிச்சுத் தரேலுமோ?"

"ஃபிலிம் இப்ப என்கிட்ட இல்லக்கா. உங்க ஆள்தான் வாங்கிக்கிட்டுப் போனாரு."

"எந்த ஆள்?"

"நீல ஜாக்கெட். நீங்கதானே அனுப்பினீங்க?"

அவர் திரும்பி வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீல ஜாக்கெட் எங்கும் இல்லை.

"நாங்கள் அவரை உங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சம்," என்றார்.

அவர் போய் வரிசையில் கேட்டார். யாருக்கும் நீல ஜாக்கெட்காரரைத் தெரியவில்லை. ஒரு பெரியவர் என் பக்கம் விரலை நீட்டி, "சேர்ந்து வந்து நாடகம் ஆடுறாங்கள்," என்றது எனக்கே கேட்டது. இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அந்த மனிதர் வெறும் பயந்தவராக இருந்திருக்கலாம். அழிப்பதைத் தன் கையாலேயே அழிக்க நினைத்திருக்கலாம். அப்படியானால் வெயிலில் இழுக்க ஏன் விடவில்லை? இந்தக் கேள்வியை ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்துகொண்டு எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். குயீன் ஸ்ட்ரீட்டில் நீல ஜாக்கெட்டைக் கண்டால் பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்தும் இருக்கிறேன். ஒருவரும் அவராக இல்லை.

அடுத்த வருஷமோ அதற்கும் அடுத்த வருஷமோ, மனுரேவா ரயில் மேடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர். புதிய குளிர்ச்சட்டையில் விலைச்சீட்டின் நூல்கூட அறுக்காமல் தொங்கியது. கொழும்பில் விசாவுக்கு நின்ற புருஷன்தான் என்று பார்த்ததும் புரிந்தது. வந்து சேர்ந்துவிட்டார். அதுவரை நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. போய் ஒரு வார்த்தை பேசலாம் என்று இரண்டடி வைத்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். என் கழுத்தில் தொங்கிய கேமராவையும் பார்த்தார். புருஷனின் தோளைப் பிடித்து, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ரயில் வரும்வரை அப்படியே பிடித்திருந்தார்.