எஸ் இல்லீங்க, சி ஹெச்சு

மொதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சு போற ஆளு நானு, கம்ப்யூட்டர் இஞ்சினியரிங் படிச்சவன். நம்பாட்டி போ, எனக்கென்ன.

சங்ககிரில ஒரு லாரி ஆபீஸுக்கு நான்தான் நெட்வொர்க் பாக்கறேன். ஓமலூர்ல அவங்க கிளை. அங்கத்த சர்வர்லருந்து டேட்டா இங்க வந்தாத்தான் வண்டிகளுக்கு பில்லு அடிக்க முடியும். அன்னிக்கு காலைலருந்து வரல, இந்தப் பேர்ல சர்வரே இல்லைன்னு எரர். வெளிய சித்திர வெயில்ல ஏழு வண்டி முட்டை லோடோட நிக்குது. மேனேஜர் கோமதியக்கா வேற, "ஏந்தம்பி, குஞ்சு பொரிச்சப்பறந்தான் பில்லு வருமாட்ட இருக்குது"ன்னு நக்கல். மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா நாளைக்கு வராதேன்னுட்டாரு மொதலாளி.

ஓமலூர் சர்வருக்கு பேரு பழனிசாமி. கம்பெனியோட மொத டிரைவர், செத்து ரொம்ப நாளாச்சு, மொதலாளி பாசத்துல வச்சது. இந்தப் பேர இங்கிலீஷ்ல ஆளுக்கொரு மாதிரி எழுதுவாங்கல்ல, அங்கதான் இடிக்குதுன்னு அங்கத்த கிளர்க் மணியண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணா, சாமிக்கு எஸ்ஸாண்ணா?"

"எஸ் இல்லீங்க சாமி, சி ஹெச்சு போடுங்க. லோடு வெயில்ல நிக்குதுங்கல்ல."

எப்பவும் டேய்ங்கற ஆளு, இன்னிக்கென்ன மரியாதைன்னு நெனச்சுட்டே இங்க எஸ்ஸ சி ஹெச்சா மாத்துனேன். படார்னு டேட்டா வந்துருச்சு.

"அப்ப நான் வண்டிய எடுக்கறேனுங்க." லாரி ஸ்டார்ட் ஆவற சத்தம், போன் கட்டு.

பில்லு அடிச்சோம், ஏழும் கெளம்புச்சு, நான் காலர தூக்கி விட்டுக்கிட்டேன்.

மறுநாள் ஓமலூர் போனா, சர்வர்ல பேரு எஸ்லதான் இருக்குது! மணியண்ணன், "டேய், நான் எங்கடா சொன்னேன்? உம்பக்கத்துல யாரோ பெரியவரு சொன்னாரு, நாஞ்சும்மா இருந்துட்டேன்"ங்கறாரு. எம்பக்கத்துல கோமதியக்காதான் இருந்தாங்க. சங்ககிரி திரும்பி வந்து சொன்னா, அவங்க பழைய பைல்லருந்து அந்த டிரைவரோட லைசென்ஸ் நகல எடுத்தாங்க. சி ஹெச்சு.

பேயாம், போங்கய்யா! ஏதோ லைன் கோளாறு, கண்டுபுடிச்சே தீருவேன். ஆனா இன்னிக்கும் எஸ் போட்டா எரர், சி ஹெச் போட்டா ஓடுது, அதனால நான் கை வெக்கல.

ஒண்ணு மட்டுந்தான் ஒதைக்குது. மணியண்ணன் ஆபீஸ் கடைவீதில ரெண்டாவது மாடி. எங்க ஏழு வண்டியும் பில்லு வர்றவரைக்கும் ஆஃப்ல நின்னுச்சு.

அப்ப அந்தப் பெரியவரு எந்த வண்டிய எடுத்தாரு?