நாசிலுக்கு ஒரு பொட்டு

கம்ப்ரஸருக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்த பிறகுதான் ராமசெல்வி சுவிட்சைத் தொடுவாள். முகத்துவாரக்குப்பத்தில் புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது செய்வதை இவள் தினமும் செய்கிறாள். ஜெட் என்ஜின் ஆராய்ச்சிக்கும் பொட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று, கூடமாட உதவப் போகும் நான் ஒருநாள் கேட்டேன். "பொட்டு வச்சா மிஷினு இன்னா கோச்சிக்கவா போவுது?" என்றாள்.

காலடிப்பேட்டையில் வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். விமானத்தைத் திருப்ப, பின்னால் சீறும் காற்றைத் திருப்பினால் போதும். அதற்கு அசையும் தகடு எதுவும் வேண்டாம். காற்று வெளியேறும் நாசிலின் உள்விளிம்பில் ஊசித் துளையிட்டு, பக்கவாட்டில் கொஞ்சம் காற்றைச் செலுத்தினால் பெரிய காற்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவள் கட்சி. டீக்கடையில் உட்கார்ந்தால் டம்ளரின் ஆவியைப் பக்கத்திலிருந்து ஊதி வளைத்துக்கொண்டே இருப்பாள். டீ ஆறிப்போகும்.

அப்பா கருணாகரன் விசைப்படகில் சுக்கான் பிடிப்பவர். "சுக்கான் இல்லாம எதுனா திரும்புமா? சும்மா பீலா வுடாத" என்பார்.

"காத்துதான் நைனா சுக்கானு!"

போன வாரம் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஜானட் வந்தார். இன்றாவது காற்றை வளைத்துக் காட்டாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். வேடிக்கை பார்க்கக் கருணாகரனும் வந்திருந்தார். முக்கியமான நாளாயிற்றே என்று ராமசெல்வி முந்தின நாளே நாசிலின் வாயிலும் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தாள்.

காற்று சீறியது. நாசிலுக்கு எதிரே கட்டியிருந்த சிவப்பு நூல் நேராக விறைத்து நின்றது. பக்கக் குழாயைத் திறந்தாள். நூல் அசையவில்லை. மறுபடி திறந்தாள், ம்ஹூம். அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஜானட் கைப்பையைத் தோளில் மாட்டினார்.

காற்றை நிறுத்திவிட்டு நாசிலுக்குள் எட்டிப் பார்த்த ராமசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மேடம், சந்தனம் காஞ்சி ஓட்டைய அடச்சிக்கினு கீது!"

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்தினாள். மறுபடியும் காற்று. குழாயைத் திறந்ததும் நூல் வலப்பக்கம் சாய்ந்தது, மூடியதும் நிமிர்ந்தது. கருணாகரனின் கையும் தன்னையறியாமல் கூடவே திரும்பியது. "டக்கரா திரும்புது கண்ணு!"

ஜானட் சிரித்தபடி கைப்பையைக் கழற்றி வைத்தார். "தலைப்பு அப்படியே இருக்கட்டும். இனிமே அந்தச் சந்தனக் கிண்ணத்தை மட்டும் வீட்ல வச்சிட்டு வா."

"சரிங்க மேடம்" என்று பணிவாகத் தலையாட்டினாள். அவர் வாசலைத் தாண்டியதும் கிண்ணத்தை எடுத்து, துளையிலிருந்து ஒரு விரல் தள்ளி, நாசிலுக்கு மறுபடியும் பொட்டு வைத்தாள்.