ஒரு நம்பருக்கு ஒரு ஆள்

தலைவலி மாத்திரை இரண்டு வாங்கப் போனேன். மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க தாத்தா" என்றார்.

"தலைவலி எனக்குத்தான்பா, நம்பருக்கு இல்ல."

அவர் சிரிக்கவில்லை. நம்பர் போடாமல் பில் வராதாம். பில்லை யார் கேட்டது? சொல்லித் தொலைத்தேன். அன்று சாயங்காலமே ஒரு பெண் கன்னடத்தில் போன் செய்து, மண்டையை ஸ்கேன் எடுக்கத் தள்ளுபடி இருக்கிறது என்றாள். என் பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை, எனக்குத் தலை வலிக்கிறது என்று நானாகச் சொன்னால்தான் அவளுக்கே தெரியும்.

துணிக்கடையில் நம்பர். செருப்புக் கடையில் நம்பர். எதற்கு என்று கேட்டால், "சும்மா, ரெக்கார்டுக்கு" என்கிறார்கள். என் செருப்பு சைஸ் யாருக்கு எதற்கு ரெக்கார்டு?

சோதனை எனக்குப் புதிதில்லை. நான் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். மைனில் ஷிப்டு முடிந்து கேஜில், அதாவது கூண்டு லிப்டில், மேலே வந்தால் நேராகச் சோதனை ரூமுக்குத்தான் போக வேண்டும். சட்டையைக் கழற்று, நிக்கரைக் கழற்று, வாயைத் திற, நாக்கைத் தூக்கு. வாட்ச்மேன் ஒரு கட்டையைப் போட்டுத் தாண்டச் சொல்வான். எங்கேயாவது தங்கத்தை ஒளித்திருந்தால் கீழே விழும் என்று கணக்கு. சாப்பாட்டு டப்பாவைத் தட்டிப் பார்ப்பான், தலைமுடியில் விரலை விட்டுத் துழாவுவான். வேலை பார்த்த வருஷமெல்லாம் தினமும் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். கேவலம்தான், நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாட்ச்மேனுக்குத் தான் எதைத் தேடுகிறோம் என்று தெரியும். தங்கம். அது இல்லையென்றால் போ என்று விட்டுவிடுவான். என் நாக்குக்கு அடியில் பார்த்ததை எழுதிவைத்து, பல்பொடி விற்கிறவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இப்போது இருக்கிறவர்களுக்குத் தேடுவது என்ன என்றே தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் கழற்று என்கிறார்கள்.

எங்களிடமும் ஒரு தப்பு உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கேங்கில் ஆறு பேர். இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் டோக்கனைக் கொடுத்து லாம்பு வாங்க வேண்டும். ஆறு பேரும் வரிசையில் நின்றால் கேஜ் போய்விடும். அதனால் ஒருத்தன் ஆறு டோக்கனையும் வாங்கிக்கொண்டு போய் லாம்பு ரூம் ஜன்னலில் நிற்பான், ஆறு லாம்பையும் தோளில் மாட்டிக்கொண்டு வருவான். முக்கால்வாசி நாள் அது நான்தான். கால் நீளம், வாயும் நீளம். மைன் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெங்களூரில் இருக்கிற மகள் எனக்கு ஒரு பெரிய போன் வாங்கிக் கொடுத்தாள். மைசூர் மைன்ஸ் காலனியில் எங்கள் லைனில் ஆறு வீடு. யார் நம்பர் கேட்டாலும் ஆறு வீட்டுக் கிழங்களும் என் நம்பரைச் சொன்னார்கள். எங்களுக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. ஜன்னலில் ஒருத்தன் நின்றால் போதாதா?

அதன் பலன், எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குள் என்னைப் போல ஒரு ஆள் உருவாகியிருக்கிறான். அவனுக்குச் சர்க்கரை உண்டு, மூலம் உண்டு, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. பெண்ணுக்கு கிறிஸ்தவ மாப்பிள்ளை பார்க்கிறான். அய்யப்பன் கோவிலுக்கு பஸ் பிடிக்கிறான். ஆட்டுத் தீவனம் வாங்குகிறான். பங்காருபேட்டைப் பக்கம் மனை வேண்டும் என்கிறான். வருஷத்தில் ஆறு தடவை பிறக்கிறான், ஆறு தடவையும் வாழ்த்து வருகிறது. இத்தனை பேர் உட்கார்ந்து இத்தனை சேர்த்தும், ஒரு மனுஷனுக்கு ஆறு பிறந்தநாள் எப்படி என்று ஒருவனும் யோசிக்கவில்லை. இவர்கள்தான் நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களாம்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்தே கழித்துவிட்டிருப்போம். என் பக்கத்து வீட்டுக்காரனின் கண் வந்து குறுக்கே நின்றது.

அவன் என் கேங்கில் டிரில் பிடித்தவன். வலது கண்ணில் கல் தெறித்து, அப்போதே பார்வை போய்விட்டது, இமையும் அசையாது. மிச்சம் இருந்தது இடது கண். தினமும் காலையில் பேப்பரை எனக்குப் படித்துக் காட்டுவான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அடுத்த நாள் பேப்பர் வந்துவிடும். போன வருஷத்திலிருந்து அந்த இடது கண்ணிலும் வெள்ளை படர ஆரம்பித்தது. பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்புறம் தலைப்பு மட்டும் படித்தான். அப்புறம் அவனே செய்தி சொல்ல ஆரம்பித்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

சர்ச் ஹாலில் கண் கேம்ப் போட்டார்கள். அங்கே பார்த்த டாக்டர், "முத்திப் போச்சு. ஒரு மாசத்துக்குள்ள எடுக்கலன்னா உள்ளேயே வெடிச்சு இருக்கற பார்வையும் போயிடும்" என்றார். கோலாரில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷன். போன வருஷம் என் வலது கண்ணில் புரை எடுத்ததும் அங்கேதான். இடது கண்ணுக்கு இந்த வருஷம் வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கவுண்டரில் ஒரு பெண். இவன் கட்டைவிரலை மிஷினில் வைத்தாள். டிரில் பிடித்த கை. ரேகை எல்லாம் பாறையோடு போய்விட்டது. மிஷின் மாட்டேன் என்றது. துடைத்து வைத்தாள், எண்ணெய் தடவி வைத்தாள், மாட்டேன் என்றது.

"நம்பர் சொல்லுங்க அஜ்ஜா, ஓடிபி அனுப்பறேன்." கன்னடத்தில் அஜ்ஜா என்றால் தாத்தா.

அவன் என் நம்பரைச் சொன்னான்.

"இந்த நம்பர்ல ஆல்ரெடி ஒரு பேஷன்ட் இருக்காரே. வலது கண் முடிஞ்சிருக்கு, இடது கண் பாக்கி."

"அது நாந்தாம்மா" என்றேன். "இவன் வேற ஆளு."

"ஒரு நம்பருக்கு ஒரு ஆளுதான் அஜ்ஜா."

"நீயே பாரு, ரெண்டு பேரு நிக்கறோமே."

"சிஸ்டம்ல ஒருத்தர்தான் காட்டுது."

"சிஸ்டத்த உட்டுட்டு அவன் கண்ண பாரும்மா. வெள்ளையா கீது, தெரியல?"

அவள் பார்க்கவில்லை. கெட்ட பெண் இல்லை, மரியாதையாகத்தான் பேசினாள். தலையை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அவர் பேர்ல தனியா ஒரு சிம் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஊருக்குத் திரும்பி சிம் கடைக்குப் போனோம். அங்கேயும் கட்டைவிரல். அங்கேயும் மாட்டேன். கடைக்காரர் நல்ல மனுஷன், "பரவால்ல பெரியவரே, மூஞ்சிய வெச்சு எடுத்துடலாம்" என்று போனை இவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கண்ண சிமிட்டுங்க."

சிமிட்டினான்.

"ரெண்டு கண்ணையும் சிமிட்டணும்."

"ஒண்ணு சிமிட்டாதுப்பா. அது போயி நாப்பது வருஷம் ஆச்சு."

"சிமிட்டலன்னா உயிரோட இருக்கற ஆளுன்னு மிஷின் ஒத்துக்காது."

நானும் சொல்லிப் பார்த்தேன். "இன்னாப்பா இது, கண்ணு தெரியலன்னு வந்தவனப் போயி கண்ணடிச்சுக் காட்டுன்னு சொல்றியே? அவன் வாலிப வயசுல கூட யாருக்கும் கண்ணடிச்சதில்ல."

"ஒரு தபா அடிச்சேன்டா" என்றான் இவன். "உனக்குத் தெரியாது."

ஏழெட்டுத் தடவை முயற்சி செய்தார்கள். விரலால் இமையை இழுத்து மூடித் திறந்தான். போனில் சிவப்புக் கட்டம் வந்து வந்து போனது. கடைசியில் இன்றைக்கு அவ்வளவுதான், நாளைக்கு வாருங்கள் என்று போனே சொல்லிவிட்டது. நாளைக்குப் போனோம். அதற்கு மறுநாளும் போனோம்.

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலையில் அவன் பெண்டாட்டி என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, டீல உப்பு போட்டுக் குடிச்சுட்டு, நல்லா கீதுன்னு சொல்றாரு. நான் பயப்படுவேன்னு சொல்றாரு. நீங்கதான் எதுனா பண்ணணும்" என்றாள்.

அன்றைக்கே அவனிடம் சொன்னேன். "டேய், அந்தக் கம்ப்யூட்டர்ல என் இடது கண்ணு பாக்கி கீது. உனக்கும் இருக்கறது இடது கண்ணு. நீ நானா போ."

"போடா. பொய் சொல்லிகினு ஆஸ்பத்திரிக்குப் போவணுமா? ஞாயித்துக்கிழம பூசைக்குப் போறவன்டா நான்."

"நீ ஒண்ணும் சொல்லாத. பேரு கேட்டா இருமு. நான் சொல்லிக்கறேன்."

கழுத்தில் கிடந்த சிலுவையை உருட்டினான். அப்புறம், "ஆபரேஷன்ல நான் செத்துட்டா?" என்றான்.

"நான் செத்ததா எழுதிப்பாங்க. என் மகளுக்குப் போன் போவும்."

சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பிறகு எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. மைனில் இப்படி ஒன்று நடந்தது. ஒருத்தனுக்குப் பெண்டாட்டி பிரசவ ஆஸ்பத்திரியில். அவன் டோக்கனை வாங்கிக்கொண்டு அவன் சிநேகிதன் ஷிப்டுக்கு இறங்கினான். பாலகாட் சுரங்கப் பக்கத்து லைன் ஆள்கள். கீழ் லெவலில் பாறை சரிந்தது. டோக்கன் போர்டில் இருந்த நம்பரைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குச் சேதி அனுப்பினார்கள். அந்தப் பெண் கைக்குழந்தையோடு மத்தியானம் வரை அழுதாள். புருஷன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வாசலில் நின்றான். அந்தச் சமயத்தில் இன்னொரு வீட்டில் ஒருத்தி, ஷிப்டு இல்லாத புருஷன் எங்கே ஊர் சுற்றுகிறான் என்று திட்டிக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நம்பர் மாறியது, செத்தவன் மாறவில்லை.

ஆனால் இங்கே வேறு வழி என்ன இருந்தது? அது மட்டுமில்லை, என் இடது கண் அவ்வளவு மோசமில்லை. அப்போது மோசமில்லை.

மறு வாரம் கோலாருக்குப் போனோம். வேறு ஒரு பெண் கவுண்டரில் இருந்தாள். நம்பர் சொன்னேன், என் போனுக்கு ஓடிபி வந்தது, சொன்னேன், திறந்துகொண்டது. கார்டில் இருந்த என் போட்டோவையும் அவனையும் பார்த்தாள். எல்லாக் கிழவனும் அவளுக்கு ஒரே கிழவன்தான்.

"பேர் சொல்லுங்க தாத்தா."

அவன் இருமினான். மைன்காரன் இருமல், லேசில் நிற்காது. நான் என் பேரைச் சொன்னேன். அப்பா பேர் கேட்டாள், இருமினான். வயசு கேட்டாள், இருமினான். அவள் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "முதல்ல மார்பு எக்ஸ்ரே எடுங்க" என்றாள். கெடுத்தானே என்று இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். எல்லாம் என் பேரில்.

கடைசியில் டாக்டர். நடுத்தர வயசு. திரையைப் பார்த்தார், "வலது கண்ல போன வருஷம் லென்ஸ் வெச்சிருக்கு" என்று படித்தார். டார்ச்சை எடுத்து வலது கண்ணில் அடித்தார். கல் தெறித்த பழைய தழும்பு. மறுபடி திரை. மறுபடி கண். என்னைப் பார்த்தார். இவனுக்கு இந்தத் தடவை நிஜமாகவே இருமல் வந்தது.

நான் எழுந்து நின்றேன். போலீசைக் கூப்பிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் திரையை அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டார். இடது கண்ணில் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா போயிருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "ஒருத்தருக்கு ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான் இங்க இலவசம். பதிவு ஆயிட்டா என்னால மாத்த முடியாது. தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"உங்க இடது கண்?"

"அது கீது சார். பாத்துக்கலாம்."

நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் கண்ணைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் கண் கட்டை அவிழ்த்தார்கள். அவன் முதலில் என்னைப் பார்த்து, "இன்னாடா இவ்ளோ கிழவனாயிட்ட" என்றான். இப்போது பேப்பரை முழுசாகப் படிக்கிறான், மாட்டுச் சந்தை விளம்பரம் வரை விடுவதில்லை. எனக்குத்தான் அதற்கப்புறம் இடது பக்கம் புகை மூட்டின மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொன்னால் அவன் முகம் தொங்கிப்போகிறது, அதனால் அவனிடம் சொல்வதில்லை.

போன மாசம் மறுபடி கேம்ப் போட்டார்கள். பதிவு மாறாது என்று தெரிந்தும் போனேன். கையில் பலகை போல ஒரு மிஷினோடு நின்ற பெண் நம்பரைத் தட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

"தாத்தா, உங்களுக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் முடிஞ்சிடுச்சே! நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுதும்மா. ஒண்ணு எங்க வீட்ல, ஒண்ணு பக்கத்து வீட்ல."

தலையை நிமிர்த்தாமல் அதையும் தட்டிக்கொண்டாள்.